எதிரே வண்டி வராத பாதை

சிட்னிக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாள் அம்மா கேட்டது சைக்கிளைத்தான். கார் நிறுத்தும் கொட்டகையில் என் சைக்கிளும் மகளின் சைக்கிளும் தூசி படிந்து சுவரில் சாய்ந்திருந்தன. மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, "இதை ஏன் தாயி இப்படிப் போட்டு வைத்திருக்கிறாய்?" என்றாள்.

சொல்வதற்குக் காரணம் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு கார் என்னை உரசினாற்போல முந்திச் சென்றது. அதன் பக்கக் கண்ணாடிக்கும் என் முழங்கைக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துச் சட்டப்படி, வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர் வரையுள்ள சாலையில் சைக்கிளை முந்தும் வண்டி குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அதற்கு மேல் வேகமுள்ள சாலையில் ஒன்றரை மீட்டர். நான் விழவில்லை, காயமும் இல்லை. ஆனால் ஓரமாக நிறுத்தி இறங்கியபோது கை நடுங்கியது நினைவிருக்கிறது. அன்று சுவரில் சாய்த்த சைக்கிள்தான்.

அம்மாவுக்கு இது விளங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். விளங்கியது, ஆனால் ஒப்பவில்லை. அவள் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தபோது அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. மாலையில் சிலேட்டு, விடியலில் வாடகை சைக்கிள். அதுவும் ஆண்கள் ஓட்டும் உயரமான சைக்கிள். அரிச்சுவடியும் ஹேண்டில்பாரும் ஒரே மாதத்தில் கைக்கு வந்ததாக இன்றும் சொல்வாள். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு அவள் வந்த காட்சி எனக்குச் சிறு வயது நினைவு. அப்படிப்பட்டவள் 66 வயதில் மகள் வீட்டுக்கு வந்து, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மூன்று மாதம் உட்கார்ந்திருக்கச் சம்மதிப்பாளா?

முதலில் நடைபாதையில் முயன்றோம். இங்கே 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் நடைபாதையில் ஓட்டலாம். அவர்களுக்குத் துணையாக வரும் பெரியவர்களும் ஓட்டலாம். என் மகளுக்குப் பதினொரு வயது, ஆகவே சட்டத்தில் சிக்கல் இல்லை. சிக்கல் வீட்டு வாசல்களில் இருந்தது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் எந்த நேரமும் ஒரு கார் பின்னோக்கி வரலாம். இருநூறு மீட்டர் ஓட்டுவதற்குள் அம்மா ஏழு முறை இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் பேசாமல் தேநீர் போடப் போய்விட்டாள். அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை. கார்களே நுழைய முடியாத இடமாகப் பார்க்க வேண்டும் என்று அன்று இரவே வரைபடத்தை விரித்தேன்.

அப்படிக் கிடைத்ததுதான் விண்ட்சர் டவுன்ஸ் இயற்கைக் காப்பகம். சிட்னி நகர மையத்திலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மலையேற்றம், அருவி, பள்ளத்தாக்குக் காட்சி என்று எதுவும் இல்லாததால் சுற்றுலாப் பட்டியல்களில் இது முன்னால் வராது. இருப்பதெல்லாம் காடு, அதன் நடுவே அகலமான மண்பாதைகள். ஓட்டப் பழகுகிறவருக்கும், பழகியதை விட்டவருக்கும், அச்சம் பிடித்தவருக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தப் பாதைகள் நடப்பதற்காகவோ சைக்கிளுக்காகவோ போட்டவை அல்ல. தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி உள்ளே போவதற்காகப் போட்டவை. ஃபயர் டிரெயில் என்பார்கள். லாரி போகிற அகலம் இருப்பதால் இரண்டு சைக்கிள்கள் பேசிக்கொண்டே இணையாகப் போகலாம். வாசலில் இரும்புக் கதவு பூட்டியிருக்கும், பக்கத்தில் ஆள் நுழைய வழி இருக்கும். சைக்கிளை அந்த வழியாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்த கணத்தில், என் தோளில் இத்தனை ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது. பின்னால் என்ன வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டுவது எவ்வளவு பெரிய சுமை என்பது, அது தேவைப்படாத இடத்துக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

தரை ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று பிறகு படித்தேன். மேற்கு சிட்னி முழுவதும் கம்பர்லாந்து சமவெளி. அடியில் களிப்பாறை, வடமேற்கே போகப் போக, பழைய காலத்து ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளையும் மணலும் களிமண்ணும் அதன்மேல் படிந்திருக்கின்றன. டாருக் என்ற பூர்வகுடி மக்களின் நிலம் இது. குடியேற்றக்காரர்கள் வந்தபோது உழவும் வீடு கட்டவும் வசதியாக இருந்தது இந்தச் சமதளம்தான். ஆகவே இதைத்தான் முதலில் வெட்டினார்கள். செங்குத்தான மணற்பாறை மலைகள் தப்பின. தட்டையான காடு போனது. கம்பர்லாந்து சமவெளிக் காட்டில் இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2009இல் அதை அழிவின் விளிம்பில் உள்ள தாவரச் சமூகமாக அறிவித்தார்கள். எது எங்கள் முழங்காலுக்கு எளிதாக இருக்கிறதோ, அதுவே இந்தக் காட்டுக்கு எமனாகவும் இருந்திருக்கிறது. இதைப் படித்த பிறகு, அங்கே ஓட்டும்போது சக்கரம் எங்கே படுகிறது என்று பார்த்து ஓட்டப் பழகினேன்.

போகும் முன் செய்த ஏற்பாடுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு உதவும். அம்மாவின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. குறுக்குக் கம்பி தாழ்ந்த சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். ஆண்கள் சைக்கிளிலேயே பழகியவள் என்றாலும், இடுப்புக்கு வயதாகிவிட்டது. காலை வீசி ஏறும் காலம் போய்விட்டது. இருக்கையை, உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படும் அளவுக்கு இறக்கினேன். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் அது முழங்காலுக்கு நல்லதல்ல என்பார்கள். உண்மைதான். ஆனால் முதல் சில நாட்களுக்குக் கால் ஊன்ற முடிகிறது என்ற தைரியமே பெரிது. மூன்றாம் வாரத்தில் இரண்டு விரல் அளவு ஏற்றினோம், ஆகஸ்ட் கடைசியில் இன்னும் இரண்டு விரல். ஒவ்வொரு முறையும் அவளே கேட்டு ஏற்றிக்கொண்டது.

கியர் அவளுக்குப் புதிது. கற்றுக்கொடுக்க முயன்று ஒருநாள் வீணானது. பிறகு நடுவில் ஒரு கியரில் நிறுத்தி, அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சமதளத்தின் பெரிய வசதி இது. ஒரே கியரில் முழுநாளும் ஓட்டலாம். டயர் அகலமாக இருக்க வேண்டும். சாலைக்கு ஏற்ற ஒல்லி டயர் சரளையில் வழுக்கும், மணலில் புதையும். காற்றையும் கல் போல அடைக்கக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் இரண்டு அளவுகளில் குறைந்ததற்குப் பக்கமாக வைத்தால் சிறு கற்களின் அதிர்வு மணிக்கட்டுக்கு ஏறாது.

ஹெல்மெட் இந்த மாநிலத்தில் எல்லா வயதினருக்கும் கட்டாயம். அம்மாவின் கொண்டை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஹெல்மெட் முன்பக்கம் சரிந்து புருவத்தில் உட்கார்ந்தது. கொண்டையைத் தளர்த்தினால் பின்பக்கம் ஏறி நெற்றி வெளியே தெரிந்தது. கடைசியில் கழுத்தோடு சேர்த்துத் தாழ்வாகப் பின்னலிட்டு, அதைச் சட்டைக்குள் விட்டோம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல்; அந்த அளவுக்கு வந்த பிறகுதான் கிளம்பினோம். சுடிதாரின் துப்பட்டாவைக் காரிலேயே வைத்துவிட்டாள். கால்சட்டையின் வலது காலை ஒரு ரப்பர் வளையத்தால் இறுக்கிக்கொண்டாள். சங்கிலியில் துணி மாட்டினால் என்ன ஆகும் என்பதை நான் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

காரின் பின்னால் சைக்கிள் ரேக் மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ரேக்கோ சைக்கிளோ நம்பர் பிளேட்டை மறைத்தால் அபராதம் உண்டு. ரேக்கில் மாட்டுவதற்கென்று தனியாக ஒரு பிளேட் வாங்கிக்கொள்ளலாம்.

ஜூலை மாதத்துக் குளிர் காலை. புல் நுனியில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. அம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பெடலை ஒரு காலால் பின்னோக்கிச் சுழற்றி மேலே கொண்டுவந்தாள். எதிரே நேராகப் போகும் பாதையைப் பார்த்தாள். பிறகு ஏறினாள். முதல் பத்து மீட்டர் முன்சக்கரம் இருபக்கமும் ஆடியது. நான் பின்னால் ஓடினேன், பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு கோடு நேரானது. என் மகள் "அம்மாச்சி! அம்மாச்சி!" என்று கத்திக்கொண்டே பக்கத்தில் ஓட்டினாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது, அது நிமிர்ந்திருந்தது. அன்று நான்கு கிலோமீட்டர்தான். போதும் என்று தோன்றும் முன்பே திருப்பினேன். வட்டப் பாதையாக இல்லாமல் போன வழியே திரும்புகிற பாதையாக முதல் நாளை வைத்துக்கொள்ள வேண்டும். களைத்தால் எந்த இடத்திலும் திரும்பலாம், வந்த தூரம்தான் போகும் தூரம் என்ற கணக்கு மனத்துக்கு நிம்மதி.

விழுந்தது அம்மா அல்ல, நான். நான்காம் முறை போனபோது. சமதளம், வண்டிகள் இல்லை, இனி என்ன என்ற நினைப்பில் வேகமாகப் போனேன். ஒரு திருப்பத்தில் பாதை முழுக்க இரும்புக்கல் சரளை. கருஞ்சிவப்பு நிறத்தில் பட்டாணி அளவுக் கற்கள், உருளைகளைப் பரப்பியது போல. வலது கையால் முன் பிரேக்கை அழுத்தினேன். முன்சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. உள்ளங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்தது. அம்மா வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். சின்னக் கற்களை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஊரில் அவள் ஓட்டிய சைக்கிளில் கம்பி பிரேக். எவ்வளவு அழுத்தினாலும் மெதுவாகத்தான் பிடிக்கும். இங்குள்ள பிரேக்குகள் ஒரு விரலுக்கே நிற்கும். சரளையில் திருப்பத்துக்குள் நுழைவதற்கு முன்பே, நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பின் பிரேக்கை முதலிலும், முன் பிரேக்கை மெல்லவும் பிடிக்க வேண்டும். திருப்பத்துக்குள் போன பிறகு பிரேக்கைத் தொடாமல் உருள விடுவதே நல்லது. அன்றிலிருந்து கையுறை போடுகிறேன்.

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். காய்ந்திருக்கும்போது சிமெண்ட் போல இருக்கும் அந்தக் களிமண், நனைந்தால் பிசைந்த மாவு. சக்கரத்தில் ஒட்டி, ஒட்டியதன்மேல் இன்னும் ஒட்டி, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே இறுகி, கடைசியில் சக்கரம் சுற்றவே மறுத்தது. குச்சியால் சுரண்டிச் சுரண்டி இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தோம். எங்கள் சிரமத்தைவிட எனக்கு வருத்தமாக இருந்தது திரும்பிப் பார்த்தபோது தெரிந்த தடம். ஈர மண்ணில் நாங்கள் கீறிய பள்ளம், அடுத்த வாரம் போனபோது அப்படியே காய்ந்து இறுகிக் கிடந்தது. மழைக்குப் பின் குறைந்தது மூன்று நாள் வெயில் காயட்டும் என்பது இப்போது எங்கள் வீட்டு வழக்கம்.

மண்ணைப் பற்றி இன்னொன்று. டயரிலும் செருப்பிலும் ஒட்டிய சேறு வெறும் சேறு அல்ல. வேரை அழுக வைக்கும் ஃபைட்டோஃப்தோரா என்ற நுண்ணுயிர் மண்ணோடுதான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிறது. களைப்புற்களின் விதைகளும் அப்படித்தான். சில விதைகள் காலுறையில் ஒட்டிக்கொண்டால் ஊசி போலப் பிடுங்கிப் பிடுங்கி எடுக்க வேண்டும். ஆகவே காரில் ஒரு பழைய பாத்திரம் தேய்க்கும் பிரஷ் வைத்திருக்கிறோம். உள்ளே போகும் முன் ஒருமுறை, வெளியே வந்ததும் ஒருமுறை. இந்த வேலையை அம்மா தானாகவே எடுத்துக்கொண்டாள். கிருமி என்று நான் சொன்னதைக் கேட்டு, "வயலுக்கு வயல் நோய் தாவுகிற கதைதானே" என்றாள். டயரின் பள்ளங்களில் பிரஷை விட்டு அவள் தேய்ப்பதைப் பார்த்தால், பூஜைப் பாத்திரம் துலக்குவது போல இருக்கும்.

வழி தவறுவது எளிது என்பதையும் சொல்ல வேண்டும். தட்டையான காட்டில் அடையாளத்துக்கு மலை இல்லை, ஓடை இல்லை. நேர்க்கோடாகப் போகும் பாதைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒவ்வொரு சந்திப்பும் முந்தையதைப் போலவே இருக்கும். நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காத் துறையின் செயலியில் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கும். எமர்ஜென்சி பிளஸ் என்ற செயலி, 000 என்ற அவசர உதவி எண்ணை அழைக்கும்போது நீங்கள் நிற்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல உதவும். அம்மா தன் வழியைக் கையாண்டாள். ஒவ்வொரு சந்திப்பிலும் இறங்கி, வந்த பக்கம் திரும்பி நின்று, திரும்பும்போது அது எப்படித் தெரியும் என்று பார்த்து வைத்துக்கொள்வாள். "சாய்ந்த மரம் இடது கைப்பக்கம்" என்று முணுமுணுப்பாள். ஒருமுறை என் கைபேசியில் மின்சாரம் தீர்ந்தபோது அந்தச் சாய்ந்த மரம்தான் எங்களைக் கார் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

மெதுவாக ஓட்டுவதில் கிடைக்கும் பெரிய லாபம் மரங்கள். அயர்ன்பார்க் மரத்தை நான் பலமுறை கடந்திருக்கிறேன், பார்த்ததில்லை. அம்மா ஒருநாள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அதன் பட்டையில் கையை வைத்தாள். கறுத்து, ஆழமாக வெடித்து, விரல் முழுதாகப் புதையும் பள்ளங்கள். பள்ளத்துக்குள் கருஞ்சிவப்புப் பிசின் உறைந்து கண்ணாடித் துண்டு போல மின்னியது. பல யூகலிப்டஸ்கள் பட்டையை உரித்து உதிர்க்கும். இது உதிர்ப்பதில்லை, ஆண்டுக்கு ஆண்டு சேர்த்து வைத்துக்கொள்கிறது. பட்டையின் அந்தத் தடிமன்தான் தீயிலிருந்து உள்ளே இருக்கும் உயிரைக் காக்கிறது.

ஆகஸ்டில் வாட்டில் மரம் பூத்தது. மஞ்சள் தூள் உருண்டைகளாகக் கிளை முழுக்க. அம்மா சாமி படத்துக்கு ஒரு கொத்து ஒடிக்கக் கை நீட்டினாள். இங்கே எதையும் பறிக்கக் கூடாது, விறகுகூட எடுக்கக் கூடாது என்றேன். நீட்டிய கையால் கிளையை முகத்துக்கு நேரே இழுத்து முகர்ந்துவிட்டு மெல்ல விட்டாள். நாய்களுக்கும் இங்கே அனுமதி இல்லை. சைக்கிள் ஓட்டுவதும் அந்த அகலப் பாதைகளில்தான். மரங்களுக்கிடையே குறுக்கு வழி போடுவது கூடாது.

உடம்பு பழகிய பிறகு ஒருநாள் ஸ்கைவில் தேசியப் பூங்காவுக்குப் போனோம். அதுவும் விண்ட்சர் ஊருக்குப் பக்கம்தான், அதே சமவெளி, அதே வகைப் பாதைகள். ஆனால் அங்கே மனிதர்களின் கதை கூடுதல். 1949 முதல் 1964 வரை ஐரோப்பாவிலிருந்து வந்த அகதிகளும் குடியேறியவர்களும் தங்கிய முகாம் அங்கே இருந்தது. பிறகு 1965 முதல் 1973 வரை ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்த இடம். பழைய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கியவர்கள் இந்த மரங்களைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள் என்று மகளுக்குச் சொன்னேன். அம்மா, "நீயும் அப்படித்தானே தாயி வந்தாய்" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் யாரும் பேசாமல் ஓட்டினோம்.

அங்கே லாங்நெக் லகூன் பக்கம் சைக்கிள்களை நிறுத்திவிட்டு நடந்தபோதுதான் ஸ்கிரிப்ளி கம் மரத்தைப் பார்த்தோம். வெண்ணிற வழவழப்பான பட்டை. அதில் பழுப்பு நிறத்தில் வளைந்து நெளிந்து, திரும்பி வந்து முடியும் கோடுகள். ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு பட்டைக்கு அடியில் தின்றுகொண்டே போன தடம். மேற்பட்டை உதிரும்போது அது வெளியே தெரிகிறது. எழுத்தில்லாதவளாக முப்பது ஆண்டுகள் வாழ்ந்த அம்மா அந்தக் கோட்டின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். பிறகு அடுத்த கோடு. மகள் பொறுமையிழந்து கூப்பிட்டும் மூன்றாவது கோட்டை முடித்த பிறகுதான் வந்தாள்.

செப்டம்பர் பிறந்ததும் மேக்பை பறவைகள் முட்டையிடும் காலம். கூடு இருக்கும் மரத்தருகே வருகிறவர்களை, குறிப்பாகச் சைக்கிளில் வருகிறவர்களை, பின்னாலிருந்து பாய்ந்து கொத்த வரும். காப்பக வாசலுக்கு வெளியே ஒரு பறவை எனக்கு அப்படிச் செய்தது. ஹெல்மெட்டில் டொக்கென்று அடி விழுந்ததும் நான் வேகமாக மிதித்தேன். அது தவறு. இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், பறவையைப் பார்த்தபடியே தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கண்ணாடி அணிவது கண்ணுக்குக் காப்பு. அம்மாவுக்கு அதன்மேல் கோபமே வரவில்லை. காக்கையை விரட்டும் நம்மூர்க் கரிச்சானும் குஞ்சுக்காகத்தானே பாய்கிறது என்றாள். அந்த மாதம் முழுக்க வேறு வாசல் வழியாகப் போனோம்.

பாம்புகளும் அதே மாதத்தில்தான் வெயில் காய வருகின்றன. பளபளக்கும் கறுப்பு உடலும் சிவப்பு வயிற்றோரமும் கொண்ட ஒன்று பாதையின் குறுக்கே கிடந்தது. சுமார் பத்து மீட்டர் முன்பே மூவரும் நின்றோம். ஐந்து நிமிடம். அது தன் நேரத்துக்குப் புல்லுக்குள் போனது. அகலமான பாதையின் இன்னொரு நன்மை, தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். ஓய்வெடுக்க நிறுத்தும்போதும் பாதையின் நடுவிலேயே நிற்கிறோம், உயரமான புல்லுக்குள் சைக்கிளைச் சாய்ப்பதில்லை. பாம்பு கடித்தால் சுற்றுவதற்கு, இழுத்தால் நீளும் அகலமான பட்டைத் துணிகள் இரண்டு பையில் எப்போதும் இருக்கும். கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, கழுவுவது எதுவும் கூடாது. கடிவாயின்மேல் அழுத்தமாகச் சுற்றி, அடுத்த பட்டையை விரல் நுனிப் பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுவதும் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவே விடாமல் 000ஐ அழைக்க வேண்டும். வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் காலில் சுற்றிப் பழகிக்கொண்டோம்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மேற்கு சிட்னியில் உள்ள பென்ரித்தில் 2020 ஜனவரி 4ஆம் தேதி 48.9 டிகிரி பதிவானது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓட்டுவதற்கு நல்ல காலம். கோடையில் போவதென்றால் விடியலில் போய் ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே குடிநீர் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள்; ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துப்போகிறோம். கிளம்பும் நாள் காலையில் பூங்காத் துறையின் இணையதளத்தில் மூடல் அறிவிப்பையும், அன்றைய தீ அபாய அளவையும் பார்த்துவிடுங்கள். வெளியில் தீயே மூட்டக் கூடாது என்று அறிவிக்கும் முழுத் தீத்தடை நாளில் எந்தக் காட்டுக்குள்ளும் நாங்கள் போவதில்லை.

அப்படி ஒரு அறிவிப்பால்தான் அம்மாவின் கடைசி இரண்டு வாரங்களில் எங்களுக்குப் பிடித்த பாதை கிடைக்காமல் போனது. பெருந்தீ வராமல் தடுக்க, குளிர்ந்த நாளில் கட்டுப்பாட்டோடு தீ வைத்து, காய்ந்த சருகை எரிப்பார்கள். அந்தப் பகுதியை மூடியிருந்தார்கள். வேறு பாதையில் ஓட்டினோம். ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அம்மா பதினான்கு கிலோமீட்டர் ஓட்டினாள், நடுவில் இரண்டே இரண்டு இடத்தில் இறங்கி. முடித்துவிட்டு, வழக்கம் போலப் பிரஷை எடுத்து மூன்று சைக்கிள்களின் டயரையும் துலக்கினாள்.

நவம்பர் நடுவில் நான் மட்டும் தனியாகப் போனேன். இத்தனை மாதங்களில் யாருடைய துணையும் இல்லாமல் நான் சைக்கிள் எடுத்த முதல் நாள் அது. மூடிய பாதையைத் திறந்திருந்தார்கள். சாய்ந்த மரத்தைத் தாண்டியதும் தரையெல்லாம் கரி, வாசனை இன்னும் போகவில்லை. அயர்ன்பார்க் மரங்களின் அடிப்பகுதி முன்பைவிடக் கறுத்திருந்தது. ஒரு மரத்தின் அருகே இறங்கிப் பார்த்தேன். கருகிய பட்டையின் வெடிப்புகளுக்குள்ளிருந்து, கிளைகளில் அல்ல, தண்டிலிருந்தே, கொத்துக் கொத்தாகத் தளிர்கள் வெளியே வந்திருந்தன. மருதாணிச் சிவப்பில், விரல் நகம் அளவே இலைகள். படம் எடுத்து அனுப்பினேன்.

அம்மா உடனே அழைத்தாள். எந்த மரம், திருப்பத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டாள். பின்பு என்றேன். அவள் கை வைத்துப் பார்த்த மரமா என்றாள். அதற்கு இரண்டு மரம் தள்ளி என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை; பின்னணியில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"சரி தாயி, வெளியே வந்ததும் டயரைத் தேய்த்துவிடு. கரியோடு கொண்டுபோகாதே" என்றாள்.